இரண்டு மூடி

சாங்வி, புனே
14 மே 2002

திரு. ஆரோக்கியசாமி அவர்களுக்கு,

என் பெயர் ஸ்ரீவித்யா. உங்கள் ஆஸ்பத்திரி எலும்புச் சிகிச்சை வார்டில் பன்னிரண்டாம் கட்டிலில் பிப்ரவரியிலும் மறுபடி ஏப்ரலிலும் இருந்த மகாதேவனின் மகள். நர்ஸ் என்பதால் வார்டில் எல்லோரும் உங்களை ‘பிரதர்’ என்று கூப்பிட, என் அப்பா மட்டும் முதல் நாளே ஊர், தாலுகா எல்லாம் விசாரித்துவிட்டு ‘சாமி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த உரிமையில்தான் தமிழில் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் என் கோபம் தானாகவே மரியாதையாக மாறிவிடுகிறது.

சென்ற வாரம் அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்தது. பிப்ரவரியில் வைத்த செயற்கை முழங்கால் மூன்றாவது வாரமே சீழ் பிடித்தது, ஏப்ரலில் அதைத் திறந்து எடுத்து, மருந்து கலந்த சிமெண்ட் கட்டியை வைத்து மூடியது, எல்லாம் அதில் இருக்கிறது. அதோடு ஒரு வரியும் இருக்கிறது: ‘அறுவைக்கு முன் சொல்லப்பட்ட கிருமிநாசினிக் குளியலை நோயாளியின் வீட்டார் செய்யவில்லை.’ கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த வரிக்கு மூலம் உங்கள் கையெழுத்து.

அது பொய். நீங்கள் கொடுத்த சிவப்பு மருந்தால் அம்மா முதல் நாள் சாயங்காலமும் மறுநாள் காலையும் அப்பாவைக் குளிப்பாட்டினாள். நான் குளியலறை வாசலில் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் மூடியால் அளந்து ஊற்றியதை என் கண்ணால் பார்த்தேன்.

அப்பா ராணுவக் கணக்கு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். முத்திரை குத்திய தாளில் பொய் இருக்காது என்பது அவருடைய மதம். சம்மரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, “தண்ணி கொட்டினது ஞாபகம் இருக்கு சரசா. மருந்து விட்டியோ?” என்றார். அம்மா, “விட்டேன், ரெண்டு மூடி” என்றாள். அவர் மறுபடி தாளைப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து அம்மா அவர் காலைத் தொடுவதில்லை.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி புது மூட்டு வைக்கப்போகிறார்கள். இந்த முறையும் சீழ் வைத்தால் காலை மடங்காதபடி நேராகவே பொருத்திவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கும் முன்னால் குளியல் உண்டு. அம்மா, “என் கை வேண்டாம், ஆயா வேலைக்கு ஒரு மாவ்ஷியை வெச்சுக்கோ” என்கிறாள். அப்பாவோ வேறொருவர் கையால் குளிக்கமாட்டேன் என்கிறார்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். நீங்கள் பார்க்காத ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்.

ஸ்ரீவித்யா


விஷ்ராந்த்வாடி
22 மே 2002

சகோதரி ஸ்ரீவித்யா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். பதினேழு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். பொய் எழுதினாய் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

பார்க்காததை நான் எழுதவில்லை. பார்த்ததை எழுதினேன். அறுவைக்கு அனுப்பிய காலையில் உங்கள் அம்மா அந்தப் பாட்டிலை என் மேஜைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெளியே துடைத்து, மூடியை இறுக்கி, பத்திரமாகக் கொடுத்தார்கள். அது நூறு மில்லி பாட்டில். ஒரு வேளைக்கு ஐம்பது வீதம் இரண்டு வேளைக்குச் சரியாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பத்து மில்லிகூடக் குறையவில்லை. அறுவை அறையிலிருந்து ஸ்ட்ரெச்சர் வந்து நின்றுவிட்டது. யாரையும் கேட்க நேரமில்லை. குளியல் நடக்கவில்லை என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது?

உங்கள் வீட்டுச் சங்கடம் எனக்கு வருத்தம்தான். ஆனால் வார்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. குளிர் என்று முகம் மட்டும் கழுவிக்கொண்டு வருபவர்கள் உண்டு. பிறகு புண்ணில் சீழ் வைத்தால் நர்ஸ் சரியாகக் கட்டுப்போடவில்லை என்பார்கள். நாங்களும் மனிதர்கள்தான்.

அப்பாவுக்கு என் வணக்கம். அம்மாவுக்கும்.

ஆ. ஆரோக்கியசாமி


சாங்வி
27 மே 2002

திரு. ஆரோக்கியசாமி அவர்களுக்கு,

ஒரு பாட்டில் நிறைய இருந்ததற்காக ஒரு மனுஷியைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறீர்கள்.

அம்மா அதை ஏன் திருப்பிக் கொடுத்தாள் தெரியுமா? கேட்டேன். “அவ்வளவு மிச்சம் இருந்ததே, வேற யாருக்காவது ஆகுமேன்னு குடுத்தேன்” என்றாள். அடுத்த வீட்டு வைஷாலி அவல் பொஹா கொடுத்தனுப்பிய டப்பாவைக்கூட வெறுமையாகத் திருப்பித் தரத் தெரியாதவள் அவள். இரண்டு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தான் தருவாள். அவளுடைய நல்ல குணத்தை நீங்கள் சாட்சியாக வைத்துக்கொண்டு அவளுக்கே எதிராக எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு பக்கெட் வெந்நீருக்கு இரண்டு மூடி விட்டாள். டெட்டால் அப்படித்தான் விடுவோம். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அம்மை இறங்கினாலும் ஜுரம் விட்டாலும் அப்படித்தான். ஒரு மூடி போதும், ஆபரேஷன் ஆயிற்றே என்று இரண்டாக விட்டாள். மூன்று விட வேண்டுமா, நான்கா? உங்கள் தாளில் எங்கே எழுதியிருக்கிறது? தாள் என் முன்னால் இருக்கிறது. ‘இந்தத் திரவத்தைக் கொண்டு உடல் முழுவதும் குளிக்கவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. நீங்கள் வாயால் சொன்னதும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. “சாயங்காலம் ஒண்ணு, காலைல ஒண்ணு, இதுல குளிக்க வச்சிருங்கம்மா.” சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டீர்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன். முதல் நாள் சாயங்காலம், குளியல் முடிந்த பிறகு, எல்லோரும் ‘மாமா’ என்று கூப்பிடும் வார்டு ஊழியர் ரேஸரோடு வந்து அப்பாவின் முழங்காலைச் சுற்றி மழித்தார். இரண்டு இடத்தில் கீறி ரத்தம் வந்தது. பஞ்சை வைத்து அழுத்திவிட்டுப் போனார். சென்ற சனிக்கிழமை மருத்துவக் கல்லூரி நூலகத்தில் சிநேகிதி ஒருத்தியின் அட்டையில் நுழைந்து நாள் முழுக்கப் படித்தேன். ரேஸரால் மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கும், அதுவும் முதல் நாளே மழிப்பது மிக மோசம் என்று நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கீறல்களைப் பற்றிக் கேஸ் ஷீட்டில் தேடினேன். ஒரு எழுத்து இல்லை. வீட்டார் செய்யாதது இருக்கிறது. ஆஸ்பத்திரி செய்தது இல்லை.

நீங்களும் மனிதர்தான். அம்மாவும்.

ஸ்ரீவித்யா


விஷ்ராந்த்வாடி
9 ஜூன் 2002

சகோதரி ஸ்ரீவித்யா அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேண்டுமென்றேதான் தாமதித்தேன்.

உங்கள் கடிதத்தில் ‘பக்கெட்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். மறுநாள் டியூட்டிக்குப் போனதும் முதல் வேலையாக வார்டுக் குளியலறைக்குள் போய் நின்றேன். தினமும் தாண்டிப்போகிற அறை. ஒரு குழாய், ஒரு பக்கெட், ஒரு மக். ஷவர் கிடையாது. அந்தத் தாளை எழுதியவர்கள் ஷவரில் குளிக்கிறவர்கள். பக்கெட்டையும் மருந்தையும் ஒருவர் கையில் கொடுத்தால் என்ன செய்வார்?

அதன்பின் பத்து நாள், குளித்துவிட்டு வரும் ஒவ்வொருவரையும் கேட்டேன். பதினான்கு பேர். பதினொருவர் பக்கெட்டில் கலந்திருந்தார்கள். ஒருவர் முழங்காலில் மட்டும் தைலம் மாதிரித் தடவிக்கொண்டு கழுவாமல் படுத்திருந்தார். ஒருவர், டாக்டர் வந்து போட்டுவிடுவார் என்று பாட்டிலை அலமாரியில் வைத்திருந்தார். ஒரே ஒருவர் சரியாகச் செய்திருந்தார். அவர் எங்கள் ஸ்டோர் கீப்பரின் தம்பி.

எத்தனை மூடி என்று கேட்டீர்கள். மூடியே கிடையாது. தண்ணீரில் கலக்கக் கூடாது. முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி உடம்பை நனைக்க வேண்டும். ஊற்றுவதை நிறுத்திவிட்டு, மருந்தை அப்படியே கையில் எடுத்துக் கழுத்துக்குக் கீழே சோப்பு மாதிரித் தேய்க்க வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, அறுவை செய்யும் கால், எதையும் விடக் கூடாது. கண்ணிலும் காதிலும் படக் கூடாது. இரண்டு நிமிடம் அப்படியே நிற்க விட்டு, பிறகு கழுவி, துவைத்த துண்டால் துடைத்து, துவைத்த உடுப்பு போட வேண்டும். அதன்மேல் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. நம் எல்லோர் தோலிலும் எந்நேரமும் கிருமி இருக்கிறது. அழுக்கு என்று அர்த்தமில்லை, டாக்டர் தோலிலும் உண்டு. கத்தி படும் இடத்தில் அது குறைவாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இத்தனையும். பக்கெட்டில் கலந்தால் மருந்தில் பாதி சாக்கடையைத்தான் சுத்தம் செய்யும்.

இதைப் பயிற்சியில் நான் படித்தேன். அதனால் எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். உங்கள் அம்மா சொன்னதைச் செய்தார்கள். நான்தான் சொல்லவில்லை.

ரேஸர் விஷயம். நீங்கள் ஒரு சனிக்கிழமை படித்ததை நான் இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சூப்பரின்டெண்டெண்டுக்கு மூன்று கடிதம். முடி இடைஞ்சலாக இருந்தால் மட்டும், அன்று காலையில், கத்தரிக்கும் மெஷினால் எடுத்தால் போதும் என்று. மூன்றுக்கும் பதிலில்லை. நீங்கள் என்னிடம் கோபப்படுகிறீர்கள். நான் யாரிடம் போவது?

குளியல் சரியாக நடந்திருந்தால் சீழ் வந்திருக்காது என்றும் சொல்ல முடியாது. சர்க்கரை வியாதி, வயது, கீறல், எதுவும் காரணமாக இருக்கலாம். யாராலும் ஒரு விரலை நீட்டிச் சொல்ல முடியாது. அதனாலேயே நான் நீட்டியிருக்கக் கூடாது.

எழுதிய வரியை அடிக்க எனக்கு அதிகாரமில்லை. கேஸ் ஷீட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது விதி. அம்மாவிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

ஆ. ஆரோக்கியசாமி


சாங்வி
15 ஜூன் 2002

திரு. ஆரோக்கியசாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேர்மையானது. ஆனாலும் எனக்குக் கோபம் தீரவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். உங்கள் வருத்தம் எங்கள் வீட்டு மேஜை டிராயரில் இருக்கிறது. உங்கள் குற்றச்சாட்டு ஆஸ்பத்திரி பீரோவில் இருக்கிறது. நாளைக்கு அந்தக் கட்டைப் பிரிக்கிற எந்த டாக்டரும் டிராயரைத் திறந்து பார்க்கப்போவதில்லை.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “அப்போ கலந்தது தப்புதானே” என்று மட்டும் சொன்னாள். நீங்கள் அவளை விடுவிக்க எழுதியதிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். அப்பா என்னிடம் தனியாக, “அவர் நல்லவர், உன் கோபத்துக்குப் பயந்துண்டு எழுதியிருக்கார். ரெக்கார்டுல அப்படியேதானே இருக்கு” என்றார்.

ஒன்றை உங்களிடம் மறைத்தேன். அந்தத் தாளை அம்மாவுக்குப் படித்துச் சொன்னவள் நான். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ‘இதைக் கலந்து குளிப்பாட்டணுமாம்மா’ என்று சொன்னது என் வாய். தாளில் ‘கலந்து’ என்பதே இல்லை. நானாகப் போட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு என்ன வேலை தெரியுமா? எந்தப் பொத்தானை எப்படி அழுத்த வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்குப் புத்தகம் எழுதுகிற வேலை. ‘படிப்பவருக்குத் தெரியும் என்று எதையும் விட்டுவிடாதே’ என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன். உங்கள்மேல் இத்தனை கோபம் வந்ததில் என்மேல் வந்ததும் கலந்திருக்கிறது. அம்மாவிடம் இதையும் சொல்லிவிட்டேன். “நீ குழந்தை” என்றாள். எனக்கு இருபத்தெட்டு வயது.

அடிக்க வேண்டாம். விதி இருக்கட்டும். கீழே எழுதுவதை எந்த விதி தடுக்கிறது? எனக்கு எழுதியதை அங்கே எழுதுங்கள். உங்களுக்கு அதில் என்ன ஆபத்து என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் கேட்கிறேன். தெரிந்தாலும் ஒருவேளை கேட்டிருப்பேன்.

ஸ்ரீவித்யா


விஷ்ராந்த்வாடி
20 ஜூலை 2002

சகோதரி ஸ்ரீவித்யா அவர்களுக்கு,

இத்துடன் கேஸ் ஷீட்டின் அந்தப் பக்கத்தின் நகல், ஆஸ்பத்திரி முத்திரையோடு. முத்திரை உங்கள் அப்பாவுக்காக. எழுதியது ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழிலும் தருகிறேன்:

‘மேற்கண்ட குறிப்புக்குத் திருத்தம். மருந்து நோயாளியின் மனைவியிடம் தரப்பட்டது. உபயோகிக்கும் முறை அவருக்குச் சொல்லப்படவில்லை. அவர் இரு வேளையும் தண்ணீரில் கலந்து தவறாமல் குளிப்பாட்டியிருக்கிறார். முறையைச் சொல்லாதது என் தவறு. குளியலுக்குப் பின் ரேஸரால் மழிக்கப்பட்டது, இரண்டு கீறல்கள். ஆ. ஆரோக்கியசாமி, வார்டு நர்ஸ்.’

கடைசி வரியை நீங்கள் கேட்கவில்லை. பேனா கையில் இருந்தது, எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள் சூப்பரின்டெண்டெண்ட் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. உன்னை யார் கேட்டார்கள், நோயாளி கோர்ட்டுக்குப் போனால் யார் நிற்பது என்றார். நான், “சார், ரேஸர் பத்தி மூணு லெட்டர் குடுத்தேன், அப்பவும் யாரும் கேக்கல” என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஜூலை முதல் தேதியிலிருந்து வெளிநோயாளிப் பிரிவில் கட்டுப்போடும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அதனால் ஆகஸ்டில் நான் உங்கள் வார்டில் இருக்கமாட்டேன்.

இடமாற்றத்தில் எனக்குக் கோபமில்லை. வார்டிலிருந்து சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறேன், ஸ்டோரிலிருந்து புதிதாக நூறு ரேஸர் வந்து மேஜையில் இறங்குகிறது. கையெழுத்துப் போட்டு வாங்கச் சொன்னார்கள். என் கடைசிக் கையெழுத்து அதற்கா? போடவில்லை.

மாமா ரேஸரோடு வந்தால் விடாதீர்கள். டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய் என்று சொல்லுங்கள். அவரும் சொன்னதைச் செய்கிறவர்தான், திட்டாதீர்கள். அப்பாவின் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். குளிப்பாட்ட அம்மாவே வரட்டும்.

ஆ. ஆரோக்கியசாமி


சாங்வி
2 செப்டம்பர் 2002

திரு. ஆரோக்கியசாமி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய நகலை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தார். முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து, “சரசா, நீ மருந்து விட்டிருக்கே” என்றார், புதுச் செய்தி மாதிரி.

அம்மா சமையலறையிலிருந்தே, “நான் சொன்னா நம்பலே. சாமி எழுதினா நம்பறேள்” என்றாள்.

அவள் குரலில் அப்படி ஒரு கோபத்தை நான் கேட்டதில்லை. அது அப்பாவுக்கு மட்டுமானதில்லை என்றும் தோன்றியது. உங்களுக்கும் எனக்கும் கொஞ்சம் சேர்த்தி. அப்பா தாளை மடித்து வைத்தார். பிறகு, “நீ சொன்னதை எனக்குக் கேக்கத் தெரியலே” என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டரை மாதத்துக்குப் பிறகு, அவர் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்தாள்.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி வார்டில் புது நர்ஸ் பாட்டிலையும் அதே தாளையும் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அதே ஒரு வரி. குளியலறையில் அம்மா முதலில் அப்பாவை நனைத்தாள். நனைத்ததும் பக்கெட்டைத் தூக்கி வெளியே என்னிடம் கொடுத்துவிட்டாள். உள்ளே இருந்தால் கை தானாகப் போகுமாம். அப்பாவின் கைக்கடிகாரத்தைக் குழாயில் மாட்டிக்கொண்டு தேய்த்தாள். அப்பா, சளி பிடிக்கும் சரசா, என்றார். “பிடிக்கட்டும்” என்றாள். இரண்டு நிமிடம் என்றீர்கள். மூன்று நிறுத்தினாள். பிறகுதான் பக்கெட் உள்ளே போனது. விபூதியை நெற்றிக்குக் கீழே இறங்க விடவில்லை.

ஆறு மணிக்கு மாமா ரேஸரோடு வந்தார். நான் ஆங்கிலமும் ஹிந்தியும் கலந்து விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே கால் பக்கம் வந்துவிட்டார். அம்மா அவருக்கும் அப்பாவின் காலுக்கும் நடுவே போய் நின்று, காய்கறிக்காரனிடம் பேசுகிற மராட்டியில், “ஹாத் லாவூ நகா” என்றாள். கை வைக்காதீர்கள். அவர் ரேஸரைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டு வந்தார். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, இதற்கு எதுவும் எடுக்க வேண்டாம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு சாதாரணமான ஒன்றுக்கு மூன்று கடிதங்கள் ஏன் போதவில்லை?

தையல் பிரித்தாயிற்று. புண் காய்ந்திருக்கிறது. ஒரு வருடம் போனால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். அப்பா நேற்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரை போய்விட்டு வந்தார்.

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இப்போது அது உங்கள்மேல் இல்லை. உண்மையை எழுதியவரைக் கட்டுப்போடும் அறைக்கு அனுப்பிவிட்டு, அந்த ஒற்றை வரித் தாளை அப்படியே வைத்திருக்கிறார்களே, அதன்மேல். சூப்பரின்டெண்டெண்டுக்கு எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில், ஆனால் மரியாதை வராதபடி பார்த்துக்கொண்டேன். உங்கள் முறையைத் தமிழிலும் ஹிந்தியிலும், வைஷாலியின் உதவியோடு மராட்டியிலும் எழுதி இணைத்திருக்கிறேன். முதல் வரி: ‘பக்கெட்டில் கலக்க வேண்டாம்.’ பதில் வராவிட்டால் பதினைந்து நாளுக்கொன்று எழுதுவேன். எனக்கு எழுதுவதுதானே வேலை.

இத்துடன் ஒரு சிறு பார்சல் இருக்கிறது. அம்மா அனுப்பச் சொன்னாள். அறுவை நாள் காலையில் மிச்சம் வைக்காமல் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை அப்பாவின் காலில் தேய்த்த பாட்டில். கட்டும்போது வழக்கம்போல் சர்க்கரை டப்பாவை எடுத்தாள். பிறகு நிதானித்து, அதை மறுபடி அலமாரியில் வைத்தாள். “இதை மட்டும் அப்படியே குடு” என்றாள்.

அம்மா ஒரு பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது இதுதான் முதல் தடவை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவித்யா